தீம் பார்க்கில் குடும்ப வீடியோ: போனா, ஆக்‌ஷன் கேமராவா, பாக்கெட் கிம்பலா?

தீம் பார்க் போய் வந்த எந்தக் குடும்பத்தின் போனையும் திறந்து பாருங்கள். ராட்டினம் இருக்கும், கோட்டை வாசல் இருக்கும், வாட்டர் ஸ்லைடு இருக்கும். எடுத்தவர் மட்டும் எதிலும் இருக்க மாட்டார். பிள்ளைகள் பேசியது ஸ்பீக்கர் பாட்டில் முங்கிப் போயிருக்கும். நாலு மணிக்கு மேல் வீடியோவே இருக்காது, போனில் சார்ஜ் தீர்ந்திருக்கும். எந்தக் கேமரா நல்லது என்று கேட்பதற்கு முன், இந்த மூன்று ஓட்டைகளில் உங்கள் வீட்டுக்கு எது பெரிது என்று பாருங்கள். அதை எந்தக் கருவி அடைக்கிறதோ அதுதான் உங்களுக்கான கருவி. 4கே, 5.3கே என்ற படத்தெளிவுக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

போட்டியில் இருப்பவை மூன்று. கையில் ஏற்கெனவே இருக்கும் போன். கோப்ரோ ஹீரோ 13 பிளாக், டிஜேஐ ஆஸ்மோ ஆக்‌ஷன் 5 ப்ரோ போன்ற, உடம்பிலோ வண்டியிலோ மாட்டி எடுக்கும் சின்ன ஆக்‌ஷன் கேமரா. மூன்றாவது பாக்கெட் கிம்பல்: தலை தானாகச் சமன்செய்து கொள்ளும் டிஜேஐ ஆஸ்மோ பாக்கெட் 3. நாலாவதாக 360 டிகிரி கேமராவும் உண்டு, அதைப் பிறகு இரண்டு வரியில் பார்ப்போம்.

போனின் குறை கேமராவில் இல்லை

நல்ல வெளிச்சத்தில், அசையாமல் நின்று எடுத்தால், மூன்று நான்கு வருடம் பழைய நல்ல போனே போதும். பிரச்சினை வேறு. அன்றைக்கு அந்தப் போனுக்குத்தான் எல்லா வேலையும். டிக்கெட் அதில், யுபிஐ அதில், கூட்டத்தில் காணாமல் போன சித்தப்பாவைத் தேடுவதும் அதில். வீடியோ எடுப்பது கூடுதல் சுமை.

கணக்கைப் பாருங்கள். ஐபோனில் 4கே 30 பிரேமில் (நொடிக்கு 30 படம்) ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 170 எம்பி, 60 பிரேமில் 400 எம்பி. ஒரு மணி நேரம் எடுத்தால் முதலாவது 10 ஜிபி, இரண்டாவது 24 ஜிபி. 128 ஜிபி போனில் ஏற்கெனவே 110 ஜிபி நிறைந்திருக்கும்போது 60 பிரேமை வைத்துக்கொண்டு உள்ளே போனால், மதியச் சாப்பாட்டுக்கு முன்பே 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று நிற்கும். முந்தைய இரவே 40 ஜிபி காலி செய்யுங்கள், 4கே 30-இல் வையுங்கள். பிள்ளைகள் குதிப்பதை ஸ்லோமோஷனில் காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் 60-க்கு மாறினால் போதும்.

வெயில் அடுத்த எதிரி. ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்ப வரம்பு 35 டிகிரி. மே மாதம் ஈசிஆரிலோ திருப்போரூரிலோ அது பல நாள் மதியத்துக்கு முன்பே தாண்டிவிடும். முதலில் திரை மங்கும், பிறகு ரெக்கார்டிங் நிற்கும். தடித்த கவரைக் கழற்றிவிட்டு நிழலில் வைத்தால் தானே தேறும். ஐஸ் வாட்டர் பாட்டிலோடு ஒட்டி வைப்பவர்களைப் பார்க்கலாம், அது வேண்டாம். லென்ஸுக்குள் பனி படிந்தால் அரை மணி நேரத்துக்கு எல்லாமே மூடுபனிதான்.

ஆக்‌ஷன் கேமராவும் இதில் உத்தமன் இல்லை. காற்று பட்டால்தான் அதன் சூடு இறங்கும். சைக்கிளிலும் பைக்கிலும் ஓடும்போது சரியாக இருப்பது, வரிசையில் நின்றபடி 4கே 60-இல் தொடர்ந்து ஓடவிட்டால் சூடேறித் தானே அணைந்துவிடும். 30-க்கு இறக்குங்கள், ஜிபிஎஸ், வைஃபை இரண்டையும் அணையுங்கள், பட்டனை ஒருமுறை தட்டினால் எழுந்து பதிவைத் தொடங்கும் குயிக்கேப்சரைப் போட்டு வையுங்கள். வேண்டும்போது தட்டி, பத்து பன்னிரண்டு நொடி எடுத்து, மறுபடி தூங்க விடுவதுதான் முறை.

தண்ணீர்: இங்கே போட்டியே இல்லை

மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் ஆகட்டும், 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே திறந்த வொண்டர்லா ஆகட்டும், நம் ஊர் பார்க் என்றால் பாதி நாள் தண்ணீரில்தான். இங்கே ஆக்‌ஷன் கேமராவுக்கு ஈடு கிடையாது. கூடுதல் உறை இல்லாமலே ஹீரோ 13 பத்து மீட்டர் ஆழம் தாங்கும், ஆக்‌ஷன் 5 ப்ரோ 20 மீட்டர். பாக்கெட் 3-க்கு நீர்த்தடுப்பே கிடையாது, வேவ் பூல் பக்கமே அதைக் கொண்டுபோகக் கூடாது.

"என் போன் ஐபி68 தானே?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். ஐபி68 என்பது தூசி, தண்ணீர் புகாமைக்கான தரக் குறி. அந்தச் சோதனை நடப்பது அசையாத நன்னீரில், புதுப் போனில். குளோரின் தண்ணீரும் ஸ்லைடு அடியில் விழும் வேகமும் அதில் சேராது. இரண்டு வருடம் ஓடி, ஒருமுறை கீழே விழுந்து, திரை மாற்றிய போனில் அந்த ரப்பர் சீல் எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தண்ணீர் புகுந்தால் ஆப்பிளின் சாதாரண வாரண்டி அதை ஏற்காது.

பார்க் வாசலில் தொங்கும் பிளாஸ்டிக் பௌச் ஒரு மலிவு வழிதான், அதன் குணம் தெரிந்து வாங்குங்கள். வாங்கியதும் போனைப் போடாமல் டிஷ்யூ பேப்பரை உள்ளே வைத்துப் பூட்டி, பக்கெட் தண்ணீரில் பத்து நிமிடம் அமுக்கி வையுங்கள். தாள் நனையாவிட்டால் மேலே போகலாம். வெளியே வெக்கையில் வைத்துப் பூட்டினால் உள்ளே ஈரக் காற்று சிக்கிக்கொள்ளும், குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்பக்கம் வியர்த்து லென்ஸ் மறைந்துவிடும். அதனால் ஏசி ஓடும் காருக்குள்ளேயே பூட்டுங்கள். ஈரத்தில் டச் வேலை செய்யாது, வால்யூம் பட்டனால் தொடங்கி நிறுத்துங்கள். குரல் மட்டும் எப்படியும் தலையணைக்குள்ளிருந்து வருவது போலத்தான் இருக்கும்.

ஆக்‌ஷன் கேமராவில் சொதப்புவது மூன்று இடங்களில். பேட்டரிக் கதவின் ரப்பரில் ஒரு தலைமுடி, ஒரு மணல் துகள் மாட்டினாலும் தண்ணீர் கசியும். மூடும்போது ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பார்த்து, 'டிக்' சத்தம் கேட்ட பிறகே இறங்க வேண்டும். அடுத்தது, தானாக மிதக்காது. கை நழுவினால் அடியில்தான் தேட வேண்டும், ஆகவே மிதக்கும் கைப்பிடியும் மணிக்கட்டுக் கயிறும் கேமராவோடு சேர்ந்த செலவு. மூன்றாவது, லென்ஸில் தங்கும் ஒரே ஒரு துளி. பையன் ஸ்லைடில் வந்து விழும் அந்த நொடியில், துளி சரியாக அவன் முகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். எடுப்பதற்கு முன் கண்ணாடியை நாக்கால் ஒரு நக்கு நக்குவது பழைய கைக்காரர்களின் வழக்கம்: எச்சில் படலத்தில் தண்ணீர் துளியாக நிற்காமல் பரவி ஓடிவிடும். அருவருப்பாக இருந்தால் முழுக் கேமராவையும் தண்ணீரில் முக்கி எடுத்த உடனே படம் பிடியுங்கள். அரைகுறையாகத் துடைப்பதுதான் துளியை நிறுத்தும். வீடு திரும்பியதும் கதவைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, காய்ந்த பிறகே பேட்டரியை எடுங்கள்.

இன்னொன்று. நீச்சல் உடையில் இருக்கும் மற்றவர்கள் பின்னணியில் விழுவார்கள். உங்கள் பிள்ளைக்கு ஒரு அடி, இரண்டு அடி பக்கத்தில் போய் எடுங்கள். ஆக்‌ஷன் கேமராவின் அகல லென்ஸுக்கு அதுதான் பொருத்தமும். குளக்கரையில் நின்று போனில் ஜூம் செய்து எடுப்பது, எண்ணம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், லைஃப்கார்டின் விசிலை வரவழைக்கும்.

ரோலர் கோஸ்டரில்

ஏறும்போது கையில் எதுவும் கூடாது என்பது ஏறக்குறைய எல்லா பார்க்குக்கும் பொது விதி. சிங்கப்பூர் செந்தோசாவின் யுனிவர்சல் ஸ்டுடியோஸில் பேட்டில்ஸ்டார் கேலக்டிகா கோஸ்டரில் ஏறுவதற்கு முன் பையெல்லாம் லாக்கருக்குப் போய்விட வேண்டும். உயரத்திலிருந்து நழுவும் 150 கிராம் கேமரா கீழே நிற்பவரின் தலைக்கு ஒரு கல். நெஞ்சுப் பட்டையில் மாட்டலாமா என்பது பார்க்குக்குப் பார்க் மாறும், ஊழியரிடம் கேட்டுவிட்டு மாட்டுங்கள், ஒளித்து வைக்காதீர்கள். அனுமதி கிடைத்தாலும் வரும் காட்சி பெரும்பாலும் பாதுகாப்புக் கம்பியும் முன் சீட்டின் முதுகும்தான்.

இங்கே வெல்வது போன். வேலிக்கு வெளியே, முதல் இறக்கம் முடிந்து வண்டி வளைகிற இடத்தில் நில்லுங்கள். இரண்டு வண்டிகளை விட்டுவிட்டு, ஏறும் சங்கிலிச் சத்தம் நின்று எத்தனை நொடியில் உங்கள் முன் வருகிறது என்று எண்ணுங்கள். உங்கள் ஆட்கள் எந்த வரிசையில் உட்கார்ந்தார்கள் என்பதை ஏறும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 3 மடங்கு ஆப்டிகல் ஜூம் இருந்தால் முகம் தெரியும். ஆக்‌ஷன் கேமராவில் அதே காட்சி தண்டவாளத்தில் ஊரும் எறும்பு. பாக்கெட் 3-உம் அகல லென்ஸ்தான், கொஞ்சம் பெரிய எறும்பு.

அதைவிட நல்ல காட்சி வெளியே வரும் வழியில் இருக்கிறது. இறங்கி, தள்ளாடி, தலைமுடி கலைந்து, "இன்னொரு தடவை போலாம்பா!" என்று ஓடிவரும் அந்த இருபது நொடி. ஆறு மாதம் கழித்து வீட்டில் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதைத்தான்.

பொழுது சாய்ந்த பிறகு

விளக்கு அணிவகுப்பு, வாணவேடிக்கை எல்லாம் இருட்டில் நடப்பவை. இங்கே ஒளியைப் பிடிக்கும் சென்சாரின் அளவு பேசும். பாக்கெட் 3-இல் இருப்பது 1 அங்குல வகை, ஹீரோ 13-இல் 1/1.9 அங்குல வகை. பரப்பில் முன்னது மூன்று மடங்குக்கும் மேல். ஆக்‌ஷன் 5 ப்ரோ 1/1.3, நடுவில் நிற்கும்.

ஆக்‌ஷன் கேமரா இரவில் சொதப்புவதற்கு படத்தில் விழும் புள்ளிகள் மட்டும் காரணமில்லை. அதன் நடுக்கக் குறைப்பு மென்பொருள் வேலை: எடுத்த பிரேமை நகர்த்திச் சமன் செய்கிறது. இருட்டில் ஷட்டர் 1/30 நொடி வரை திறந்திருப்பதால், நடக்கும் நடுக்கம் பிரேமுக்குள்ளேயே கோடாகப் பதிந்துவிடும். படம் நகராது, ஆனால் விளக்குகள் துடித்துத் துடித்து மங்கும். பாக்கெட் 3 லென்ஸையே மோட்டாரால் பிடித்து நிறுத்துவதால் இந்தத் துடிப்பு வருவதில்லை. கையில் ஆக்‌ஷன் கேமராதான் இருக்கிறதென்றால் நடக்காதீர்கள், நின்று எடுங்கள். 60 பிரேமை விட்டு 25-க்கோ 30-க்கோ வாருங்கள்.

விளக்கு மினுக்கல் வந்தால், மெனுவில் ஆன்ட்டி-ஃப்ளிக்கரை 50 ஹெர்ட்ஸில் வையுங்கள். இந்தியா, சிங்கப்பூர் இரண்டிலும் மின்சாரத்தின் அதிர்வெண் அதுதான். ஐபோனில் 'ஷோ பால் ஃபார்மட்ஸ்' என்பதை ஆன் செய்தால் 25 பிரேம் கிடைக்கும். ஜப்பான் போகிறவர்களுக்கு ஒரு வேடிக்கை: டோக்கியோ டிஸ்னிலேண்ட் பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா யுனிவர்சல் பக்கம் 60.

வாணவேடிக்கைக்குப் போனில் ஒரு வெடிப்பின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டி, கொஞ்சம் கீழே இழுத்து இருட்டாக்குங்கள். இல்லாவிட்டால் வானம் சாம்பலாகவும் வெடி வெள்ளைத் திட்டாகவும் வரும்.

எடுப்பவரும் படத்துக்குள் வர

பாக்கெட் 3-க்கு நாங்கள் அதிக மதிப்பெண் போடுவது இரவுக்காக இல்லை, சாப்பாட்டு மேசைக்காக. ஃபுட் கோர்ட்டில் பரோட்டாத் தட்டுக்கும் ஜூஸ் டம்ளருக்கும் நடுவே, சின்ன ஸ்டாண்டில் நிறுத்தி, முகத்தைத் தொடரும் டிராக்கிங்கைப் போட்டுவிட்டால், பாப்பா எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தலை அந்தப் பக்கம் திரும்பும். அப்பாவும் கை கழுவிவிட்டு வந்து உட்காரலாம். போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தும் எடுக்கலாம்தான், யாராவது நகர்ந்தால் பாதித் தலை வெளியே போய்விடும்.

அதன் பலவீனம் அந்த மோட்டாரேதான். அணைக்காமல் பைக்குள் திணித்தால் முட்டிக்கொண்டு திணறும். மணலும் ஆகாது. உறையைப் போட்டுத்தான் வைக்க வேண்டும்.

குரலுக்கு: பாக்கெட் 3, ஆக்‌ஷன் 5 ப்ரோ இரண்டும் டிஜேஐயின் வயர்லெஸ் மைக்கை ரிசீவர் இல்லாமலே நேராகப் பிடிக்கும். பத்து கிராம் மைக் மினியைப் பாட்டியின் புடவைத் தலைப்பில் மாட்டிவிடுங்கள். படத்தில் இல்லாதபோதும் பாட்டியின் விமர்சனம் முழுதாகப் பதிவாகும், படத்தைவிட அதற்கே மவுசு. தண்ணீரில் இறங்கும் முன் மறக்காமல் கழற்றுங்கள்.

360 கேமரா: இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுத்து, எதைக் காட்டுவது என்று வீட்டில் முடிவு செய்யலாம். அந்த 'வீட்டில்' என்பதுதான் சிக்கல், ஒவ்வொரு துண்டையும் உட்கார்ந்து திருப்பித் திருப்பி வெட்ட வேண்டும். அது முழு அழகைக் காட்டுவது நீண்ட செல்ஃபி ஸ்டிக்கில்தான், டிஸ்னி பார்க்குகள் 2015-லேயே ஸ்டிக்கைத் தடை செய்துவிட்டன. எடிட்டிங் பைத்தியம் வீட்டில் ஒருவர் இருந்தால் வாங்குங்கள்.

எங்கள் தேர்வு: உள்ளூர் வாட்டர் பார்க் என்றால் போனோடு ஓர் ஆக்‌ஷன் கேமரா. வருடத்துக்கு ஒரு தடவைதான் போவீர்கள் என்றால் வாடகைக்கு எடுங்கள், நாள் கணக்கில் கிடைக்கிறது, ரப்பர் சீலைக் கடையிலேயே பார்த்து வாங்குங்கள். கைக்குழந்தையோடு செந்தோசா போகிறவர்களுக்குப் பாக்கெட் 3. பதின்வயதுப் பிள்ளைகளும் நல்ல ஜூம் போனும் இருந்தால் வேறெதுவும் வேண்டாம், ஒரு பவர் பேங்க் போதும். 20,000 எம்ஏஎச் என்பது 74 வாட்-அவர், விமானத்தின் 100 வாட்-அவர் வரம்புக்குள் அடங்கும், கைப்பையில்தான் வைக்க வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் ஸ்கூட்டிலும் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் அதில் சார்ஜ் போட அனுமதியில்லை, கிளம்பும் முன்பே எல்லாவற்றையும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

மெமரி கார்டில் பதியும் வேகத்தைக் காட்டும் யு3, வி30 என்ற குறி இருக்க வேண்டும். விலை பாதியாக இருக்கும் 256 ஜிபி கார்டில் உண்மையில் 32 தான் இருக்கலாம், முதல் நாளே நிரப்பிப் பாருங்கள். கோப்ரோ நீண்ட பதிவைத் துண்டுகளாக்கி ஜிஎக்ஸ்010123, ஜிஎக்ஸ்020123 என்று பெயரிடும். முதல் இரண்டு இலக்கம் துண்டு எண், கடைசி நான்குதான் வீடியோ எண். பெயர் வரிசைப்படி அடுக்கினால் காலை ஸ்லைடின் இரண்டாம் பாதி மாலை அணிவகுப்புக்குப் பின்னால் போய் நிற்கும், நேர வரிசைப்படி அடுக்குங்கள். வெட்டி முடித்ததை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பினால் 2 ஜிபி வரை தரம் குறையாமல் போகும்.