பாதுகாப்புச் சோதனைக்குப் பிறகு குடிதண்ணீர்: தங்கசாலைத் தெருவில் வாங்கிய எவர்சில்வர் பாட்டில்

வெளிநாட்டு விமானத்தில் ஏறுகிறவர்கள் பாதுகாப்புச் சோதனை முடிந்த பிறகு குடிதண்ணீருக்கு என்ன செய்வது என்று கேட்டால், காலி பாட்டிலைக் கையோடு கொண்டுபோய் உள்ளே நிரப்பிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். அதற்கென்றே தங்கசாலைத் தெருவில் ஒரு பாத்திரக் கடையில் நான் வாங்கிய எவர்சில்வர் பாட்டிலைப் பற்றியது இந்த மதிப்புரை. முக்கால் லிட்டர் கொள்ளளவு, அகன்ற வாய், திருகு மூடி, ஒற்றைச் சுவர். விலை 420 ரூபாய். சிங்கப்பூரில் இருக்கும் தங்கையைப் பார்க்கத் தண்டையார்பேட்டையிலிருந்து அம்மாவை அழைத்துக்கொண்டு போகும்போதெல்லாம் இதுவும் எங்களோடு வருகிறது. அம்மா சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நேரம் தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால், கையில் தண்ணீர் இல்லாமல் அவரை எங்கேயும் உட்கார வைக்க எனக்கு மனம் வராது.

லண்டனிலிருந்து அமெரிக்கா செல்லும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கத் தீட்டிய சதி 2006 ஆகஸ்டில் பிடிபட்டது. அதிலிருந்துதான் கைப்பையில் கொண்டுசெல்லும் திரவத்துக்கு 100 மில்லி என்ற வரம்பு உலகம் முழுவதும் பரவியது. அந்த வரம்பு பாத்திரத்தின் கொள்ளளவுக்கே உரியது. ஆகவே முக்கால் லிட்டர் பாட்டிலின் அடியில் இரண்டு வாய்த் தண்ணீர்தான் இருக்கிறது என்று எடுத்துச் சொல்லிப் பயனில்லை. முழுக்கக் காலியாக இருந்தால் தடையும் இல்லை. நீல வழித்தட மெட்ரோ 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்ட பிறகு, எங்கள் பகுதியிலிருந்து வண்டி மாறாமல் விமான நிலையத்தில் போய் இறங்க முடிகிறது. வீட்டில் நிரப்பிய தண்ணீரை வழியிலேயே குடித்து, மீதியைச் சோதனை வரிசைக்கு முன்பே கொட்டிவிடுகிறோம்.

எவர்சில்வருக்குள் இருப்பது வெளியே தெரியாது என்பதால், தட்டில் வைத்த பாட்டிலைத் திறந்து காட்டச் சொல்வது வழக்கம். இங்கே அகன்ற வாய் மிகவும் உதவுகிறது. மூடியைத் திருகி எடுத்துக் கவிழ்த்துக் காட்டினால் அடிவரை பளிச்சென்று தெரியும். மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை வீரர் ஒரு பார்வை பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார். முன்பு என்னிடமிருந்த குறுகிய வாய்ப் பாட்டிலை ஆட்டிப் பார்த்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, வரிசையே நின்றுவிடும்.

இந்தப் பாட்டிலின் உண்மையான அருமை தண்ணீர் பிடிக்கும் இடத்தில்தான் தெரிகிறது. வாயை அருகே கொண்டுபோய்க் குடிப்பதற்காக அமைத்த குழாய்களில், தண்ணீர் சின்ன வளைவாக எழுந்து தொட்டிக்குள்ளேயே விழுந்துவிடும். உயரமான பாட்டிலை அதன் கீழே நிமிர்த்தி வைக்க இடமிருக்காது. சாய்த்துப் பிடித்தால் பாதி நிரம்பியதும் வழியத் தொடங்கிவிடும். இது குட்டையாகவும் பருமனாகவும் இருப்பதால் சற்றே சாய்த்தாலும் முக்கால் பங்குக்கு மேல் நிரம்புகிறது. ஒருமுறை ஒரு விமான நிலையத்தில் குழாய் பழுதாகி, பக்கத்தில் நின்ற பணியாளர் எதிரிலிருந்த கடையைக் கை காட்டினார். கேன் தண்ணீருக்கும் லாரித் தண்ணீருக்கும் கணக்குப் பார்த்துக் குடும்பம் நடத்தும் வடசென்னையிலேயே, வெயில் காலம் வந்தால் தெருமுனையில் தண்ணீர்ப் பந்தல் போட்டு வழிப்போக்கருக்குக் காசில்லாமல் தருகிறோம். சோதனைக்கு உள்ளே போனவர் வெளியே வந்து வாங்கவும் முடியாது, வெளியிலிருந்து கொண்டுபோகவும் முடியாது என்னும்போது, அங்கே நல்ல தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருப்பது அடிப்படைக் கடமை என்றே நினைக்கிறேன். சென்னை விமான நிலையத்தில் 2025 பிப்ரவரியில் திறந்த உடான் யாத்ரி கஃபே என்ற மலிவு விலை உணவகத்தில் 10 ரூபாய்க்குத் தண்ணீர் பாட்டில் கிடைப்பது நல்ல முயற்சி. ஆனால் அது உள்நாட்டு முனையத்தில் இருப்பதால் எங்கள் பயணத்துக்கு உதவவில்லை.

விமானத்துக்குள் திருகு மூடிதான் சரி. பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம். கொடைக்கானலில் உட்கார்ந்திருப்பது போலத்தான். தரையில் மூடிய பாட்டிலுக்குள் அடைபட்ட காற்று அங்கே விரியப் பார்க்கும். உறிஞ்சு குழாய் வைத்த பாட்டிலாக இருந்தால், மூடியைத் தட்டியதும் அந்தக் காற்று தண்ணீரைக் குழாய் வழியே பீய்ச்சி முகத்தில் அடித்துவிடும். இதில் மூடியை மெல்லத் திருகினால், உஸ் என்று காற்று மட்டும் வெளியேறுகிறது. விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுவதால் உதடும் தொண்டையும் சீக்கிரமே உலர்ந்துவிடும்; பணியாளர்கள் தரும் சின்னக் காகிதக் குவளை அதற்குப் போதாது. தேநீர், காபிக்குப் பல விமானங்களில் தொட்டித் தண்ணீரைத்தான் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவில் விமானத் தொட்டிகளைக் கழுவுவதற்கும் தண்ணீரைப் பரிசோதிப்பதற்கும் 2009இல் தனி விதியே கொண்டுவர வேண்டியிருந்தது என்பதால், அம்மாவுக்கு நான் கையிலிருக்கும் தண்ணீரைத்தான் தருகிறேன்.

குறைகளும் உண்டு. ஒற்றைச் சுவர் என்பதால் குளிர்ந்த நீர் பிடித்தால் வெளியே வியர்க்கிறது. கைப்பையில் பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் வைப்பதென்றால் ஒரு துண்டைச் சுற்றித்தான் வைக்க வேண்டும். அம்மா வெந்நீர் கேட்கும்போது இது கொஞ்சமும் ஆகாது, கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சுட்டுவிடும். இருக்கைக்கு முன்னால் உள்ள பைக்குள் முழுதாக இறங்காமல் முழங்காலில் இடிக்கிறது. விமானம் குலுங்கும்போது அகன்ற வாயில் அண்ணாந்து குடித்தால் சட்டை நனைவது நிச்சயம். இவை வேண்டாம் என்பவர்கள் இரட்டைச் சுவர் பாட்டில் வாங்கலாம், ஆனால் எடை கூடும். முதியவர் தோளில் மாட்டும் பைக்கு அந்த எடையை நான் ஏற்ற மாட்டேன்.

சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்களுக்கு ஒன்று: அங்குள்ள சாங்கி விமான நிலையத்தில் முதல் மூன்று முனையங்களில் பாதுகாப்புச் சோதனை விமானம் ஏறும் வாயிலில்தான் நடக்கிறது. குடிவரவு முடிந்ததுமே ஆசையாக நிரப்பிக்கொண்டால் வாயிலில் கொட்ட வேண்டிவரும். நான்காம் முனையத்தில் மட்டும் எல்லோருக்கும் ஒரே இடத்தில் சோதனை முடிந்துவிடுவதால், அதன் பிறகு எங்கே நிரப்பினாலும் கவலையில்லை.

மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவிக் காயவைக்காவிட்டால் வாடை பிடிக்கும். அதே கடையில் வளையம் தனியாகவும் கிடைக்கிறது. பாட்டில் வாங்கும்போதே ஒன்று சேர்த்து வாங்கிவிடுங்கள்.