70-இல் நின்றுவிட்ட படைவீரர்: 100-க்குப் போராடுவதா, வேறு வழி பார்ப்பதா?

பணியால் வந்த உடல், மன பாதிப்புகளுக்குச் சதவீத மதிப்பீடு போட்டு, அதன்படி மாத உதவித்தொகை தருகிறது அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் துறை. அது போடும் கூட்டல் வினோதமானது. போர் அதிர்ச்சி மனநோய்க்கு 50 சதவீதம், ஒற்றைத் தலைவலிக்கு 30, முதுகுக்கு 20 என்றால் நாம் 100 என்போம். துறையோ, 50 போக மிஞ்சிய உடம்பில்தான் 30 சதவீதத்தைக் கணக்கிடும், அது 15. மிஞ்சிய 35-இல் 20 சதவீதம் 7. ஆக 72; அதையும் 70 என்று ஆக்கிவிடும். குடும்பச் சுமை இல்லாதவருக்கு 2025-இல் 70-க்கு மாதம் 1,759 டாலர், 100-க்கு 3,831. வேலைக்கும் போக முடியாதவருக்கு இந்த இடைவெளி சாதாரணமானதல்ல.

100-ஐ எட்டப் பல ஆண்டுகள் மேல்முறையீடு செய்வதைவிட, 'டி.டி.ஐ.யு.' எனப்படும் வேலை இயலாமை வழியை முதலில் பார்ப்பதே புத்திசாலித்தனம் என்பேன். ஒரே பாதிப்பு 60, அல்லது ஒன்றாவது 40 இருந்து மொத்தம் 70 என்றால் விண்ணப்பிக்கலாம். மேலே சொன்னவர் தேறிவிடுகிறார். மதிப்பீடு 70-ஆகவே இருக்கும், பணம் மட்டும் 100-க்கு உரியது. வரியும் கிடையாது.

சிக்கல் வேலையில் இருக்கிறது. உடல் பாதிப்புகளால் 100 பெற்றவர் எவ்வளவு சம்பாதித்தாலும் யாரும் கேட்பதில்லை. டி.டி.ஐ.யு. பெறுபவரின் சம்பளமோ பொதுவாக வறுமைக்கோட்டைத் தாண்டக் கூடாது. அண்ணன் கடையில் சலுகையோடு உட்கார்ந்திருப்பது போன்ற வேலைக்கு விலக்கு உண்டு. மெல்ல வேலைக்குத் திரும்பும் எண்ணம் உள்ளவருக்கு 100-தான் நல்லது.

மூன்றாவது, சமூகப் பாதுகாப்புத் துறையின் ஊனமுற்றோர் உதவித்தொகை. இதைப் போட்டியாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டையும் குறைப்பின்றிச் சேர்த்தே வாங்கலாம். ஆனால் இரு துறைகளின் கேள்விகளும் வேறு. படைவீரர் துறைக்குப் பணியால் வந்த பாதிப்பு மட்டுமே கணக்கு. வயதைப் பார்க்கவே கூடாது. சமூகப் பாதுகாப்புத் துறையிலோ உடம்பில் உள்ள எல்லாக் கோளாறும் கணக்கில் வரும், 55 வயதைத் தாண்டியது சாதகமாகவே அமையும். இந்தச் சமூகப் பாதுகாப்பு விண்ணப்பத்தை மட்டும் தள்ளிப்போடக் கூடாது: பொதுவாகக் கடைசிப் பத்து ஆண்டுகளில் ஐந்தாண்டு உழைத்திருக்க வேண்டும் என்பதால், வேலையை விட்டுப் பல ஆண்டுகள் சும்மா இருந்தால் தகுதியே போய்விடும்.

இரண்டுக்கும் விண்ணப்பிப்பவர் ஒரு பொறியைக் கவனிக்க வேண்டும். ஓய்வுக்குப் பின் நடந்த கார் விபத்தைக் காரணம் காட்டிச் சமூகப் பாதுகாப்புத் தொகை வாங்கியிருந்தால், வேலை போனது அந்த விபத்தால்தானே என்று படைவீரர் துறை கேட்கும். டி.டி.ஐ.யு.-வுக்கு விண்ணப்பிக்கும் 21-8940 படிவத்தில், வேலை செய்யவிடாமல் தடுப்பது எந்தப் பணிக்காலப் பாதிப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது. நம் படைவீரர் அதில் எழுத வேண்டியது மனநோய், தலைவலி, முதுகு. விபத்துக்கு அங்கே இடமில்லை.