ஹவுஸ்கீப்பிங் கொட்டேஷனை வரி வரியாகப் படிப்பது: எங்கள் அலுவலக அனுபவம்

எங்கள் அலுவலகம் சென்னை பெருங்குடியில் இருக்கிறது. 12,000 சதுர அடி, ஒரே தளம், வாரத்தில் ஆறு நாள் வேலை. நிர்வாகச் செலவுகள் என் பொறுப்பு. இத்தனை வருடங்களில் ஹவுஸ்கீப்பிங்கை, அதாவது அலுவலகத்தைச் சுத்தமாக வைக்கும் வேலையை, மூன்று விதமாக நடத்திப் பார்த்துவிட்டோம். ஆரம்பத்தில் நேரடியாக ஆள் வைத்துக்கொண்டோம். பிறகு ஆள் கணக்கில் ஒப்பந்தம், அதன் பிறகு சதுர அடிக் கணக்கில் ஒப்பந்தம். இப்போது மறுபடி ஆள் கணக்குக்கே வந்திருக்கிறோம். புதிதாக அலுவலகம் எடுத்து பட்ஜெட் போடுகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை விரிவாக எழுதுகிறேன்.

சுத்தம் செய்யும் செலவு என்றதும் பினாயில், மாப், மெஷின் என்றுதான் மனசு போகும். பில்லில் அவையெல்லாம் சின்னத் தொகை. பெரும்பங்கு சம்பளமும் சம்பளத்தோடு வரும் சட்டப்படியான செலவுகளும்தான். அதனால் இரண்டு கொட்டேஷனுக்கு நடுவே பெரிய வித்தியாசம் தெரிந்தால், ஒருவர் பினாயிலை மலிவாக வாங்குகிறார் என்று நினைக்க வேண்டாம். வேலை செய்கிறவரின் சம்பளத்திலோ, பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), ஈஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) இவற்றிலோ கை வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஓர் ஆளுக்கு என்ன ஆகும் என்று போட்டுப் பார்ப்போம். கணக்கு வசதிக்காக அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி பங்கு பிஎஃப், நிர்வாகக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து 13 சதவீதம், 1,950 ரூபாய். ஈஎஸ்ஐ 3.25 சதவீதம், 488. குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், 1,250. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) 4.81 சதவீதம், 722. மாதம் ஒரு நாள் விடுப்புச் சம்பளம் 577. வருடத்துக்கு நான்கு தேசிய விடுமுறை, ஐந்து பண்டிகை விடுமுறை என்று ஒன்பது நாளை மாதத்துக்குப் பிரித்தால் 433. யூனிபார்ம், செருப்பு, ஐடி கார்டு என்று 300. ஆக 20,720 ரூபாய் வந்துவிட்டது. ஒப்பந்ததாரரின் சர்வீஸ் சார்ஜ் 8 சதவீதம் என்றால் 22,378. அதன் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம். மொத்தம் சுமார் 26,400.

இதில் அந்தத் தொழிலாளியின் கைக்குப் போவது எவ்வளவு? 15,000-இல் அவர் பங்கு பிஎஃப் 12 சதவீதமும் ஈஎஸ்ஐ 0.75 சதவீதமும் பிடித்தது போக 13,100 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. நாம் கொடுப்பதில் ஏறக்குறைய பாதி. மீதியில் ஒரு பெரிய பகுதி அவருடைய முதுமைக்கும் மருத்துவத்துக்கும் தீபாவளி போனஸுக்கும் உரியது. அது உண்மையிலேயே அவரிடம் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது நம் வேலைதான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், முன்பு எங்களிடம் இருந்த ஓர் ஒப்பந்ததாரரின் பில்லில் ஈஎஸ்ஐ என்று ஒரு வரி மாதா மாதம் வந்துகொண்டிருந்தது. நாங்களும் கொடுத்துக்கொண்டிருந்தோம். பேன்ட்ரி பார்க்கும் அக்காவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஈஎஸ்ஐ டிஸ்பென்சரிக்குப் போய்விட்டு மறுநாள் என் மேஜை முன்னால் வந்து நின்றார். "சார், என் பேர்ல பணமே ஏறலன்னு சொல்றாங்க சார். உங்க கிட்ட கேட்டா தெரியும்னு சூப்பர்வைசர் சொன்னாரு." கையில் நான்காக மடித்த ஒரு பிரிண்ட் அவுட். அதில் அவர் பெயருக்கு நேரே பங்களிப்புக் கட்டம் காலியாக இருந்தது. உடல்நலக்குறைவுக்கு 70 சதவீதச் சம்பளம் வேண்டுமென்றால், ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்காவது பணம் கட்டியிருக்க வேண்டும். அது அவருக்கு இல்லாமல் போயிற்று. ஆபரேஷன் செலவையும் ஓய்வில் இருந்த நாட்களின் சம்பளத்தையும் எங்கள் நிறுவனம் கொடுத்தது, ஒப்பந்ததாரரின் பில்லில் கழித்துக்கொண்டோம். ஒப்பந்ததாரர் கட்டாவிட்டால் முதன்மை முதலாளி, அதாவது வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட நாம், கட்ட வேண்டும் என்பதுதான் சட்டம். ஆக, குறைந்த கொட்டேஷனில் மிச்சம் பிடித்ததாக நினைக்கும் பணம் நம் கணக்கில் கடனாகத்தான் நிற்கிறது.

அதன் பிறகு பில் பாஸ் செய்யும் முறையையே மாற்றினோம். பிஎஃப், ஈஎஸ்ஐ இரண்டுக்கும் அடுத்த மாதம் 15-ஆம் தேதி கடைசி நாள். அந்தச் சலானும், யாருக்கு எவ்வளவு பிஎஃப் கட்டியது என்று பெயர்வாரியாக வரும் இசிஆர் பட்டியலும், வங்கியில் சம்பளம் ஏறிய ஸ்டேட்மென்ட்டும் இல்லாமல் அடுத்த பில் நகராது. சலானில் மொத்தத் தொகை மட்டும் பார்த்தால் போதாது. ஒப்பந்ததாரருக்கு வேறு பல இடங்களிலும் ஆட்கள் இருப்பார்கள்; நம் இடத்தில் வேலை செய்கிறவர்களின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று அட்டெண்டன்ஸோடு ஒத்துப் பார்க்க வேண்டும். அக்காக்கள் எல்லோருடைய போனிலும் மத்திய அரசின் உமாங் ஆப் போட்டு, பிஎஃப் பாஸ்புக் பார்க்கக் கற்றுக் கொடுத்தோம். இப்போது ஒரு மாதம் தாமதமானால் எனக்கு முன்னால் அவர்களே கேட்டுவிடுகிறார்கள்.

சர்வீஸ் சார்ஜையும் கவனியுங்கள். 2 சதவீதம் போதும், ஏன், வேண்டவே வேண்டாம் என்று சொல்கிறவர்களும் வருவார்கள். ஒப்பந்ததாரர் கம்பெனியாக இருந்தால் பில்லிலிருந்து வருமான வரிக்காக நாம் பிடிக்கும் டிடிஎஸ்ஸே 2 சதவீதம். சம்பளத்தை முன்கூட்டிப் போட்டு, சூப்பர்வைசரை வைத்து, லீவுக்கு ஆள் அனுப்பி, லாபமே இல்லாமல் யாரும் நடத்த முடியாது. எங்கிருந்து எடுக்கிறார் என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சதுர அடிக் கணக்குக்கு வருவோம். பார்க்க எளிமையாக இருக்கும்: ஒரு ரேட், ஒரு பரப்பளவு, பெருக்கினால் பில். ஆனால் எந்தப் பரப்பளவு? வாடகை ஒப்பந்தத்தில் இருப்பது சூப்பர் பில்ட்-அப். லிஃப்ட் முன்பகுதி, மாடிப்படி, லாபி எல்லாம் அதில் சேர்த்தி. அவற்றைச் சுத்தம் செய்ய கட்டடப் பராமரிப்புக் கட்டணத்தில் ஏற்கெனவே பணம் கட்டுகிறோம். கார்பெட் ஏரியாவை, அதாவது நம் சுவர்களுக்குள் இருக்கும் தரையை, அளந்து போடச் சொல்லாவிட்டால் ஒரே மாடிப்படிக்கு இரண்டு முறை கொடுப்போம். நாங்கள் அளந்துதான் போட்டோம். இருந்தாலும் அந்த முறை எங்களுக்கு ஒத்துவரவில்லை. ஆள் எண்ணிக்கை அவர்கள் விருப்பம் என்பதால், சில மாதங்களிலேயே ஓர் ஆள் குறைந்தார். காலை ஒன்பது மணிக்கு எல்லாம் பளிச்சென்று இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ரெஸ்ட் ரூம் பக்கம் போக முடியாது. கார்பெட் ஷாம்பூ, கண்ணாடி துடைப்பது, வருடாந்திர டீப் கிளீனிங் போன்ற ஒரு தடவை வேலைக்குச் சதுர அடி ரேட் சரியானது. தினசரி வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆள் கணக்கில் போனால் எத்தனை பேர் தேவை என்பதைப் பரப்பளவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ரெஸ்ட் ரூம்தான் தீர்மானிக்கிறது. ஆண்கள் பக்கத்துக்கு ஓர் ஆண், பெண்கள் பக்கத்துக்கு ஒரு பெண் என்று இரண்டு பேர் கட்டாயம். ஒரு சுற்று முடிக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். பேன்ட்ரிக்குத் தனியாக ஒருவர், ஏனென்றால் கழிவறை கழுவியவரே காபி கப்பையும் கழுவக் கூடாது. தரைக்கும் மேஜைகளுக்கும் ஒருவர், காலை ஷிப்ட்டுக்கும் லீவுக்கும் சேர்த்து இன்னொருவர். மொத்தம் ஐந்து பேர்; முன்பு போட்ட கணக்குப்படி மாதம் 1,32,000 ரூபாய், சதுர அடிக்கு 11 ரூபாய். ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாக எடுத்து, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் நிறுவனமாக இருந்தால் 9 ரூபாய் சொச்சம்தான் நிகரச் செலவு. ஆனால் ஒப்பந்ததாரர் ரிட்டர்ன் தாக்கல் செய்து அந்த பில் நம் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் (நமக்கு வந்த பில்களின் வரி விவரம்) தெரிந்தால்தான் அந்த வரி திரும்ப வரும். அப்படிக் கழிக்க முடியாத கிளினிக், கல்லூரி போன்றவற்றுக்கு 18 சதவீதமும் செலவுதான், அதை பட்ஜெட்டில் மறக்க வேண்டாம்.

பொருட்களைப் பொறுத்தவரை, எங்களைப் போல ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் இருப்பவர்களுக்கு முதல் எதிரி தண்ணீர். போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் குழாயடியில் வெள்ளையாக உப்புக் கறை கட்டும். அதைப் போக்க ஆசிட் ஊற்றுவது இங்கே பழக்கம். இரண்டு வருடத்தில் குழாயின் குரோம் பூச்சு உரிந்து, டைல்ஸ் இடுக்கில் உள்ள பூச்சு அரித்துப்போகும். குழாய் மாற்றும் செலவு ஹவுஸ்கீப்பிங் கணக்கில் வராது, பிளம்பிங் கணக்கில் வரும். அதனால் யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. நாங்கள் ஆசிட்டை அடியோடு நிறுத்திவிட்டு, டாஸ்கி நிறுவனத்தின் ஆர்1, ஆர்2 போன்ற அடர்கரைசல்களை ஐந்து லிட்டர் கேனில் வாங்கி, அளவுக் கோப்பையோடு கலக்க வைத்தோம். தினமும் கடைசியில் குழாய்களை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைக்கச் சொன்னது கெமிக்கலைவிட நன்றாக வேலை செய்தது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய கழிவறைக்குள் உயிருக்கே ஆபத்து. இரண்டையும் ஒரே அலமாரியில் கூட வைக்க விடாதீர்கள்.

பன்னிரண்டு மாதமும் ஒரே தொகை என்று பட்ஜெட் போட்டால் தவறிவிடும். ஏப்ரல் 1 முதல் பஞ்சப்படி மாறும், அதோடு பிஎஃப் முதல் சர்வீஸ் சார்ஜ் வரை எல்லா வரியும் ஏறும். ஆயுத பூஜைக்கு முன்னால் ஒரு டீப் கிளீனிங், பூஜை முடிந்ததும் தரையில் குங்குமம், பூசணிக்காய், எண்ணெய் என்று இன்னொரு நாள் வேலை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைச் சேறு. வாசலில் பெரிய மேட் போட்டால் மாப் போடும் வேலை நன்றாகக் குறையும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்தது. வெள்ளத்துக்குப் பிந்திய சுத்தம் எந்த மாத ஒப்பந்தத்திலும் அடங்காது, தனிப் பணம்தான். போனஸை மாதா மாதம் பில்லில் கொடுக்காமல், தீபாவளிக்கு முன் தொழிலாளிக்குப் போட்ட ஆதாரம் காட்டிய பிறகு மொத்தமாகக் கொடுக்கிறோம். அதனால் அக்டோபர் பட்ஜெட் எப்போதும் கனமாக இருக்கும்.

ஒப்பந்தத்தில் இல்லாததையும் எழுதி வைத்துவிடுங்கள். தண்ணீர்த் தொட்டி கழுவுவது, கழிவுநீர் அடைப்பு, வெளிப்புறக் கண்ணாடி எதுவும் ஹவுஸ்கீப்பிங் ஆட்களின் வேலை இல்லை. கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; இயந்திரத்தோடு வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு தொகை ஒதுக்குங்கள். ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் உட்காரவும் சாப்பிடவும் உடை மாற்றவும் ஓர் அறையைக் கொடுங்கள். நாங்கள் ஸ்டோர் ரூமில் பாதியைத் தடுத்து, நான்கு நாற்காலியும் லாக்கரும் ஃபேனும் போட்டோம். அதற்கு முன்பு மாதத்துக்கு ஒரு புது முகம் வரும். இப்போது ஐந்து பேரில் நான்கு பேர் பழையவர்கள். எந்த மூலையில் ஏசி ஒழுகும், எந்த டேபிள்காரர் பேப்பரைத் தொடக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியும்.

வருகிற நிதியாண்டுக்கு நான் கேட்டிருப்பது மாத ஒப்பந்தத் தொகைக்கு மேல் பஞ்சப்படி உயர்வுக்குத் தனி ஒதுக்கீடு, இரண்டு டீப் கிளீனிங், தண்ணீரையும் தூசியையும் உறிஞ்சும் ஒரு வெட் அண்ட் டிரை வாக்குவம். அத்துடன் ரெஸ்ட் ரூம் லைனுக்கு, குழாயில் கறை கட்டாதபடி தண்ணீரை மென்மையாக்கும் ஒரு வாட்டர் சாஃப்ட்னர். முதல் மூன்றும் பாஸ் ஆகிவிட்டன. சாஃப்ட்னருக்கு, போன வருடம் மாற்றிய குழாய்களின் பில்லை இணைத்து அனுப்பியிருக்கிறேன்.