வழக்கையே திருப்பி அனுப்புவதா, எழுவினாவை (வழக்கில் தீர்க்க வேண்டிய கேள்வியை) மட்டுமா?

மேல்முறையீட்டை விசாரிக்கும் மேல்கோர்ட் வழக்கைக் கீழ்க்கோர்ட்டுக்குத் திருப்பும் வழிகள் உரிமையியல் (சிவில்) நடைமுறைச் சட்டம், கட்டளை 41-இல் உள்ளன. பூர்வாங்கக் காரணத்தில் (மற்ற எழுவினாக்களுக்குள் போகாமல், தொடக்கக் கேள்வி ஒன்றில்) மட்டும் வழக்கு முடிக்கப்பட்டிருந்தால் விதி 23. மற்றபடி மறுவிசாரணை அவசியமானால் 1976 திருத்தம் சேர்த்த விதி 23அ. இரண்டிலும் கீழ்க்கோர்ட்டின் தீர்ப்பாணை ரத்தாகி, வழக்கு முழுதாகத் திரும்பும்.

விதி 25 சிக்கனமானது. மேல்முறையீடு மேல்கோர்ட்டின் கோப்பிலேயே நிலுவையில் இருக்கும். விடுபட்ட எழுவினாவை மேல்கோர்ட்டே வனைந்து, கெடு வைத்து அனுப்பும். கீழ்க்கோர்ட் சாட்சியம் பதிந்து, காரணங்களோடு முடிவைத் திருப்பியனுப்பும். அதற்கு ஆட்சேபம் இருந்தால் விதி 26-இன்படி மனுக் கொடுக்கலாம்.

ஏற்கெனவே பதிவான சாட்சியமே போதுமென்றால் விதி 24: மேல்கோர்ட்டே தீர்ப்பளிக்கலாம். இதை மறந்து, சாட்சியத்தில் விட்ட ஓட்டையை அடைக்க வழக்கையே திருப்புவதுதான் வழக்கமான தவறு. அத்தகைய உத்தரவை கட்டளை 43 விதி 1(யு)-வின் கீழ் மேல்முறையீடு செய்து எதிர்க்கலாம். விதி 25 உத்தரவுக்கு அந்த வழி கிடையாது.