துண்டறிக்கையில் இருந்த பதிவு எண் என் மனைக்கு உரியதல்ல

செங்கல்பட்டு மாவட்டத்தில் மனை வாங்குவதற்கு முன்பணம் கொடுத்து நான் ஏமாந்த விதத்தை, மனை தேடிக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். பணம் இன்னும் வசூலாகவில்லை, விவகாரமும் முடியவில்லை என்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

2022-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏழெட்டுக் குடும்பங்களை வேனில் அழைத்துச் சென்று இடத்தைக் காட்டினார்கள். மஞ்சள் சாயம் பூசிய எல்லைக் கற்களும் செம்மண் சாலையும் இருந்தன. துண்டறிக்கையின் அடியில் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் அச்சிடப்பட்டிருந்தது. “ரெரா நம்பரே இருக்கு சார், இதுக்கு மேல என்ன வேணும்?” என்றார் முகவர். ஓய்வுபெற்றபோது வந்த தொகையிலிருந்து, 14 லட்ச ரூபாய் விலைக்கு 4 லட்சம் முன்பணம் கொடுத்தேன். அதில் இரண்டரை லட்சம் வங்கி வழியாகவும் ஒன்றரை லட்சம் ரொக்கமாகவும் போனது. ரொக்கத்துக்கு ரசீது கேட்டபோது, கிரய ஒப்பந்தத்தில் சேர்த்து எழுதிவிடலாம் என்றார்கள். எட்டு மாதமாகியும் ஒப்பந்தம் வரவில்லை.

ஒரு நாள் இரவு என் மகள் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடி, அங்கே ஏற்றப்பட்டிருந்த மனைப்பிரிவு வரைபடத்தைத் திறந்தாள். ரசீதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புல எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். வரைபடத்தின் எல்லை ஓர் ஓடையோடு முடிந்துவிட்டது. எங்களுக்குக் காட்டிய மனை ஓடைக்கு அப்பால் இருந்தது. எண் உண்மையானதுதான், ஆனால் அது முதல் பகுதிக்கு உரியது. பகுதி பகுதியாக விற்கும் திட்டத்தில் ஒவ்வொரு பகுதியையும் தனித் திட்டமாகக் கருதித் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு சொல்கிறது. அந்தப் பதிவு இல்லாமல் விளம்பரம் செய்வதே குற்றம்.

அதன் பிறகுதான் சட்டத்தைப் படித்தேன். பதிவு செய்யப்பட்ட எழுத்து ஒப்பந்தம் இல்லாமல், விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்கிறது 13-ஆவது பிரிவு. எங்கள் விஷயத்தில் 1 லட்சத்து 40 ஆயிரத்தோடு நின்றிருக்க வேண்டிய தொகை 4 லட்சமானது. முகவரும் ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். இந்த முகவர் பெற்றிருக்கவில்லை. பதிவில்லாத மனைக்கு ரெராவில் புகாரே எடுக்கமாட்டார்கள் என்று அவர் என்னை இரண்டு மாதம் அலைக்கழித்தார். அந்தப் பேச்சை யாரும் நம்ப வேண்டாம். பதிவு செய்யாமல் விற்றது சட்டமீறல் என்பதாலேயே புகார் கொடுக்க முடியும்.

35-ஆவது பிரிவின்படி, புகார் வந்தாலும் வராவிட்டாலும், ஆணையம் தானாகவே விசாரணையைத் தொடங்கலாம். உரிமையியல் நீதிமன்றத்தைப் போல ஆட்களை அழைத்து விசாரிக்கவும், கணக்குப் புத்தகங்களையும் ஆவணங்களையும் கொண்டுவரச் சொல்லவும் அதற்கு அதிகாரம் உண்டு. பதிவு செய்யாத நிறுவனத்துக்குத் திட்ட மதிப்பில் 10 விழுக்காடு வரை அபராதம் விதிக்கலாம். இவ்வளவு அதிகாரம் உள்ள அமைப்பின் முன்னால் நான் வைக்க முடிந்தது ஒரு ரசீதும் வங்கிக் கணக்கு அறிக்கையும் மட்டுமே. ரொக்கமாகக் கொடுத்த ஒன்றரை லட்சத்துக்கு எந்தத் தாளும் இல்லை. நிறுவனம் வாங்கவே இல்லை என்று சொல்லிவிட்டது. ஆகவே இரண்டரை லட்சத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்றுதான் உத்தரவு வந்தது. என் மனைவி அந்த ரொக்கத்தை எண்ணி ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தாள். அதைச் சொல்லித்தான் அவள் இன்றும் வருந்துகிறாள்.

உத்தரவு வந்தும் நிறுவனம் பணம் கட்டவில்லை. அப்படிப்பட்ட தொகையை 40-ஆவது பிரிவின்கீழ் நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கலாம் என்பதால், வருவாய்த் துறை வழியாக வசூலிக்கக் கேட்டு மனு கொடுத்துக் காத்திருக்கிறேன். உத்தரவு கையில் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று இருந்துவிடாமல், இதற்கான மனுவை உடனே கொடுத்துவிடுங்கள். நான் சில மாதங்களை வீணாக்கினேன்.

சென்ற மாதம் பேருந்து நிலையத்தில் அதே நிறுவனத்தின் புதிய துண்டறிக்கை என் கைக்கு வந்தது. வேன், ஞாயிற்றுக்கிழமை, மதிய உணவு என்று எல்லாம் அப்படியே இருந்தன; அடியில் முதல் பகுதியின் அதே பதிவு எண்ணும் இருந்தது. இரண்டு பக்கங்களையும் படமெடுத்து, ஓடைக்கு அப்பால் உள்ள புல எண்களைக் குறிப்பிட்டு, ஆணையத்துக்கு எழுத்துப்பூர்வமாக அனுப்பியிருக்கிறேன்.