ஸ்கிட் ஸ்டீர் ஆர்ம் லைன்: ஒரே நீள ஹோஸா, ஸ்டீல் டியூபோடு துண்டு ஹோஸா?

வேலந்தாவளம் தாண்டி கொழிஞ்சாம்பாறை போகிற வழியில் எங்கள் பித் களம். தென்னை நார்த்தூளைக் காயப்போட்டு, புரட்டி, குவித்து லாரியில் ஏற்றுவதற்கு ஸ்கிட் ஸ்டீர் என்கிற சின்ன லோடர் வண்டி ஒன்று வைத்திருக்கிறோம். இந்தப் பக்கம் எந்தக் கம்பெனி வண்டியையும் பாப்கேட் என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கெட்டைத் தூக்குகிற ஆர்மில் ஹைட்ராலிக் ஆயில் போகிற ஸ்டீல் டியூப் ஒன்று துருப்பிடித்து ஓட்டை விழுந்தபோது, அதைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆர்ம் அசைகிற பின்பக்க மூட்டு ஆணியிலிருந்து (இதைத்தான் 'பின்' என்கிறோம்) பக்கெட் சிலிண்டர் வரை மூன்று மீட்டருக்கு ஒரே ஹோஸாக இழுத்துவிட்டோம். மூன்று மாதம்தான் தாங்கியது. ஒரு நாள் சாயங்காலம் டிரைவர் தம்பி போன் பண்ணி, "அண்ணா, பக்கெட் தானா கவுந்துருச்சுங்க, ஆயில் பூரா பித் மேல போகுது" என்றான். ஏற்றுமதிக்குக் கழுவிக் காயவைத்த சரக்கு. எண்ணெய் பட்ட பகுதி மொத்தத்தையும் அள்ளி வெளியே கொட்ட வேண்டியதாகிவிட்டது.

ஒரே ஹோஸில் வசதி இல்லாமல் இல்லை. இரண்டே ஜாயின்ட், கடையில் அரை மணி நேரத்தில் ஹோஸ் முனையில் பிட்டிங்கை அழுத்தி, அதாவது கிரிம்ப் பண்ணிக் கொடுத்துவிடுவார்கள், செலவும் குறைவு. ஆனால் பிரஷர் ஏறும்போது ஹோஸ் நீளத்தில் 2 சதவீதம் கூடலாம், 4 சதவீதம் வரை குறையலாம். நாம் கண்ணால் பார்த்தால் தெரியாது. மூன்று மீட்டர் ஹோஸுக்கு அது 12 செ.மீ. வரை வருகிறது, பக்கெட்டை ஒவ்வொரு தடவை மடக்கும்போதும் ஹோஸ் கிளாம்புக்குள் ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் இழுபடுகிறது. வெடித்த ஹோஸைக் கழற்றிப் பார்த்தபோது ஒவ்வொரு கிளாம்புக்கு அடியிலும் கறுப்பு ரப்பர் பொடி அப்பியிருந்தது, பின்னுக்குப் பக்கத்துக் கிளாம்பில் மேல்தோல் போய் ரப்பருக்குள் இருக்கும் கம்பி வயர் பளபளவென்று தெரிந்தது.

ஸ்டீல் டியூபும் துண்டு ஹோஸும் என்றால் நான்கு ஜாயின்ட், கசிய நான்கு இடம். டியூப் புதிதாக வளைக்க ஆள் தேடிக் கோயம்புத்தூர் போக வேண்டும். இருந்தாலும் ஆர்மோடு சேர்ந்து அசையாமல் போகிற தூரத்துக்கு ரப்பர் எதற்கு? மடங்குகிற இடத்தில், அதாவது பின் இருக்கும் இடத்திலும் சிலிண்டர் முனையிலும் மட்டும் ஹோஸ் இருந்தால் போதும், உரசலும் அங்கே மட்டும்தான், மாற்றும்போதும் ஒரு முழம் ஹோஸ்தான் மாற்றுகிறோம். நான் இந்தக் கட்சிதான். தண்ணீர் லைனுக்குப் போடுகிற ஜிஐ பைப்பை மட்டும் டியூப் என்று வெல்டு பண்ணிவிடாதீர்கள், இந்த பிரஷருக்கு நீளவாக்கில் ஒட்டு இல்லாத சீம்லெஸ் டியூப்தான் வேண்டும்.

சரி, பின்னில் எந்த ஹோஸ்? கடையில் கேட்டால் "டபுள் வயர் போடுங்க" என்று ஆர்2 ரக ஹோஸை எடுத்துத் தருவார்கள். அரை இஞ்ச் ஆர்2 275 பார் (பார் என்பது பிரஷர் அளவு) தாங்கும், ஆனால் 180 மி.மீ. ரேடியஸுக்குக் குறைவாக மடக்கக் கூடாது. ஆர்17 என்கிற ரகம் வெறும் 90 மி.மீ.க்கு மடங்கும், அளவு எதுவானாலும் 210 பார்தான். ஸ்கிட் ஸ்டீர்களில் ரிலீஃப் செட்டிங், அதாவது வால்வு திறந்து விடுகிற உச்ச பிரஷர், பெரும்பாலும் 210-லிருந்து 240 பார் வரை இருப்பதால் உங்கள் வண்டிப் புத்தகத்தைப் பார்க்காமல் ஆர்17 வாங்க வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் 2எஸ்சி என்று ஒன்று இருக்கிறது, 275 பார் தாங்கும், 130 மி.மீ.க்கு மடங்கும். எங்கள் வண்டியில் பின் இருக்கும் இடத்துக்கு இதைத்தான் போட்டோம். சிங்கிள் வயர் அரை இஞ்ச் 160 பார்தான், அதை இந்த லைனில் நினைக்கவே கூடாது.

இதையெல்லாம் விட முக்கியம் முறுக்கு. 7 டிகிரி முறுக்கு விழுந்தாலே ஆயுள் 90 சதவீதம் வரை போய்விடும் என்று ஹோஸ் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். ஹோஸ் மேல் நீளவாக்கில் அச்சடித்த கோடு இருக்கும், நட்டை முறுக்கிய பிறகு அந்தக் கோடு நேராக ஓட வேண்டும், கயிறு மாதிரி சுற்றிக்கொண்டு போனால் கழற்றி மறுபடி மாட்டுங்கள். முறுக்கும்போது இன்னொரு ஸ்பேனரால் ஹோஸ் பக்கத்தைப் பிடித்துக்கொண்டால் இந்தத் தொல்லையே வராது.

பிட்டிங்கில் பிஎஸ்பி என்கிற மரை வகை எங்கும் கிடைக்கும். ஆபத்தும் அதில்தான், அரை இஞ்ச் பிஎஸ்பிக்கும், என்பிடி என்கிற இன்னொரு மரை வகையில் அரை இஞ்சுக்கும் இஞ்சுக்கு 14 மரை. ஒன்றில் மரைக் கோணம் 55 டிகிரி, மற்றதில் 60. இரண்டு மூன்று சுற்று அழகாக ஏறும், அப்புறம் பிடிக்கும், ஓங்கி முறுக்கினால் சரியாகிவிட்டது போலத் தோன்றும், ஆயில் சூடானதும் சொட்ட ஆரம்பிக்கும். ஜேஐசி என்கிற பிட்டிங் 37 டிகிரி கோன், உலோகத்தோடு உலோகம் உட்காருவது, நல்லதுதான், ஆனால் கசிகிறதே என்று மேலும் மேலும் முறுக்குகிற கைக்கு அது ஆகாது. அதிர்கிற வண்டிக்கு என் ஓட்டு தட்டை முகத்தில் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் உட்காரும் ஓஆர்எஃப்எஸ் பிட்டிங்குக்குத்தான். களத்தில் மாட்டும்போது மட்டும் கவனம் வேண்டும், முகத்தில் ஒரு நார் இழை ஒட்டியிருந்தாலும் கசியும். ஓ-ரிங்கில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் பித்துக்குள் விழுந்து தொலையாது. வண்டியில் எது இருக்கிறதோ அதையே வாங்குங்கள், அடாப்டர் மேல் அடாப்டர் வேண்டாம்.

மேலுறை விஷயத்தில் எங்கள் ஊர் வேறு மாதிரி. பிளாஸ்டிக் சுருள் போட்டால் உரசலுக்கு நல்லதுதான், ஆனால் அதற்குள் பித் போய் அடைகிறது. தன் எடையைப் போல எட்டு மடங்கு வரை தண்ணீர் பிடிக்கிற பொருள், அதோடு உப்பு வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்கு மழை வருகிற மாதங்களில் கிரிம்ப் பண்ணிய இடத்தில் வெள்ளை பூத்து, பிறகு துரு ஏறிவிட்டது. இப்போது நைலான் துணி உறை போட்டிருக்கிறோம், வாரம் ஒரு தடவை தண்ணீர் அடித்து ஏர் விட்டால் சுத்தமாகிவிடுகிறது. ஊசித்துளைக் கசிவு வந்தாலும் பீய்ச்சுகிற வேகத்தை அது ஓரளவு அடக்கும். கசிவைத் தேடக் கையை வைக்கவே வைக்காதீர்கள், அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். அந்த பிரஷரில் ஆயில் தோலுக்குள் ஏறினால் வெளியே முள் குத்தினாற்போல்தான் தெரியும், உள்ளே சதை அழுகும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

நீளத்துக்குப் பழைய ஹோஸை அளவாக எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அது ஏற்கெனவே தப்பாக வெட்டியதாக இருக்கலாம். ஒரு கயிற்றை அதே வழியில் கட்டி, ஆர்மைக் கீழே வைத்து ஒரு முறை, முழுக்கத் தூக்கி ஆர்ம் லாக் போட்ட பிறகு ஒரு முறை, எது நீளமோ அதற்கு மேல் கொஞ்சம் தொய்வு விட்டு வெட்டச் சொல்லுங்கள்.