28 சிங்கப்பூர் வெள்ளி ஓபிடி ரீடர் (வண்டியோட கோளாறு கோடு படிக்கிற கருவி), வாங்கலாமா?

போன மாசம் ஜொகூர்ல சாமான் வாங்கிட்டுத் திரும்புறப்போ காஸ்வே ஜாம்ல ஊர்ந்துக்கிட்டு இருக்கேன், ஆட்டோ கியர் ஒண்ணுல இருந்து ரெண்டுக்கு மாறும்போது டொக்குன்னு ஒரு அடி. பின்னாடி யாரோ இடிச்சிட்டாங்கன்னு வீட்டுக்காரி திரும்பியே பாத்துட்டா. பிகேஇ எக்ஸ்பிரஸ்வே ஏறுனதும் எஞ்சின் லைட் எரிஞ்சுது, அப்புறம் மூணாவது கியர தாண்டவே இல்ல, 80ல போறதுக்கே ஆர்பிஎம் 4000ல நின்னு கத்துது.

மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்ல காமிச்சேன், ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து கியர்பாக்ஸ் ஓவர்ஹால், 3,800 வெள்ளின்னாங்க. சிஓஇ, அதான் வண்டி வச்சிருக்குறதுக்கான பர்மிட், இன்னும் மூணு வருஷம்தான் இருக்கு, யோசிச்சு சொல்றேன்னு வந்துட்டேன். அந்தக் கடுப்புலதான் ஆன்லைன்ல இந்த ரீடர ஆர்டர் பண்ணேன்.

தீப்பெட்டி சைஸ்தான், ஸ்டியரிங்குக்குக் கீழ சொருகி போன்ல ஆப் போட்டா ஓடும். ஆனா ஓசி ஆப்ல பி0700ங்கற கோடு மட்டும்தான் வந்துச்சு. அதுக்கு கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் ஏதோ கோளாறக் கண்டுபிடிச்சிருக்குன்னு மட்டும்தான் அர்த்தம், என்ன கோளாறுன்னு அதுல இருக்காது. இங்கதான் ஒரு ஸ்டார் கட். என் வண்டிக்கு சப்போர்ட் பண்ற காசு ஆப் வாங்குன பிறகுதான் பி0715 தெரிஞ்சுது, இன்புட் ஸ்பீடு சென்சார்.

கியர்பாக்ஸ் உள்ள போற வேகத்தையும் வெளிய வர்ற வேகத்தையும் ரெண்டு சென்சார் சொல்லும், அத வச்சுதான் எப்ப மாத்தணும், ஆயில் பிரஷர் எவ்ளோ வேணும், கிளட்ச் வழுக்குதான்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணும். ஒண்ணு பொய் சொன்னா அதுக்குக் கண்ணக் கட்டின மாதிரி, பிரஷர ஏத்தி முரட்டுத்தனமா மாத்தும், இல்லனா பாதுகாப்புக்கு ஒரே கியர்ல நிப்பாட்டிடும்.

ஞாயித்துக்கெழம காலையில லைவ் டேட்டா போட்டு ஓட்டிப் பாத்தோம். ஆஃப் பண்ணி ஸ்டார்ட் பண்ணா கொஞ்ச நேரம் ஒழுங்கா ஓடும்ல, அதான் சமயம். வீட்டுக்காரி போன பிடிச்சுக்கிட்டு இன்புட் ஸ்பீடு 1500, 1600ன்னு படிச்சுக்கிட்டே வந்தா, திடீர்னு "ஜீரோங்க"ங்கறா. வண்டி 40ல ஓடிட்டு இருக்கு, கியர் பிடிச்சு இருக்கறப்போ உள்ள இருக்குற ஷாஃப்ட் எப்படி நிக்கும்? அடுத்த செகண்டே அந்த டொக்.

இத வீடியோ எடுத்து ஊபி ஏரியாவுல வேற ஒரு மெக்கானிக் அங்கிள்கிட்ட காமிச்சேன். அவர் வயர், கனெக்டர் எல்லாம் மீட்டர் வச்சு செக் பண்ணிட்டுத்தான் சென்சார கழட்டுனார். நுனியில மை மாதிரி இரும்புத்தூள் அப்பிக் கெடந்துச்சு. புது சென்சார், ஆயில், கூலி எல்லாம் சேத்து 310 வெள்ளி. இப்போ கியர் மாறுறதே தெரியல.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். ஐஃபோன் காரங்க பாத்து வாங்குங்க, பழைய டைப் புளூடூத்னா கனெக்ட் ஆகாது. வேல முடிஞ்சா கழட்டி வச்சிடுங்க, சொருகியே விட்டா பேட்டரிய உறிஞ்சும். என்னோடத மச்சான் ஒரு நாளைக்குன்னு எடுத்துட்டுப் போனான், இன்னும் வரல.